சர்வாதிகாரி: ஆறு மாதப் பதவியாகப் பிறந்த சொல்

வீட்டில் பிள்ளைகளைக் கண்டிக்கும் தந்தை, விடுப்புத் தர மறுக்கும் மேலாளர், யார் சொல்லையும் கேட்காத அணித்தலைவர் என்று எல்லாரையும் நாம் ‘சர்வாதிகாரி’ என்று சொல்லிவிடுகிறோம். அரசியல் விவாதங்களில் இச்சொல் இன்னும் தாராளமாகப் புழங்குகிறது. தமக்குப் பிடிக்காத தலைவர் எவராயினும், அவர் தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போகக்கூடியவராக இருந்தாலும், அவருக்கும் இதே பட்டம் கிடைக்கிறது. மன்னன், கொடுங்கோலன், எதேச்சாதிகாரி, சர்வாதிகாரி ஆகிய நான்கும் ஒரே பொருளுடையவை என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. இதனால் நேரும் இழப்பு சிறியதன்று. கண்டிப்பானவர் எல்லாரும் சர்வாதிகாரி என்றாகிவிட்டால், ஒரு நாட்டில் உண்மையிலேயே சர்வாதிகாரம் தலையெடுக்கும்போது அதைச் சுட்ட நம்மிடம் சொல் இருக்காது.

ஆங்கிலத்தில் ‘டிக்டேட்டர்’ என்று வழங்கும் சொல்லுக்கு ஈடாகவே இன்று நாம் சர்வாதிகாரி என்கிறோம். ஆகவே அந்தச் சொல் எங்கே, என்ன பொருளில் பிறந்தது, இன்றைய பொருளுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## பற்றி எரியும் வீடு

ஒரு வீட்டில் நான்கு பெரியவர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செலவு, பிள்ளைகளின் படிப்பு, வீட்டைப் பழுதுபார்ப்பது என எதுவானாலும் நால்வரும் பேசித்தான் முடிவெடுப்பார்கள். பேச்சு நீளும், சில நேரம் மனத்தாங்கலும் வரும். ஆனாலும் ஒருவர் செய்யப்போகும் தவற்றை மற்றவர் தடுக்க அந்த ஏற்பாட்டில் இடமுண்டு. ஓர் இரவு சமையலறையில் தீப்பிடிக்கிறது. அப்போது நால்வரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியாது. “நீ குழந்தைகளை வெளியே கொண்டுபோ, நீ எரிவாயுவை மூடு” என்று ஒருவர் ஆணையிட, மற்றவர்கள் மறுபேச்சின்றிச் செய்கிறார்கள். தீ அணைகிறது.

மறுநாள் காலையில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். ஆணையிட்டவர் மற்றவர்களோடு சேர்ந்து சுவரின் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தால், முந்தைய இரவு அவரிடம் இருந்தது வீட்டைக் காத்த அதிகாரம். அவரோ, “மறுபடியும் தீப்பிடிக்கலாம்” என்று சொல்லி எல்லா அறைச் சாவிகளையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, யார் எப்போது வெளியே போகலாம் என்பதையும் தானே முடிவுசெய்யத் தொடங்கினால், அதே அதிகாரம் வேறொன்றாக மாறிவிடுகிறது. அவருடைய குரல் முன்னைவிட மென்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் சாவி அவரிடம் இருக்கிறது.

இந்த எடுத்துக்காட்டிலிருந்து மூன்று கேள்விகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அதிகாரத்தை யார் கொடுத்தார்கள்? எந்த வேலைக்காகக் கொடுத்தார்கள்? எப்போது திரும்ப வாங்கிக்கொள்வார்கள்?

## ‘சொல்பவர்’ என்ற வேர்

பள்ளியில் ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதும் பயிற்சியைச் சொல்வதெழுதுதல் என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ‘டிக்டேஷன்’ என்று பெயர். டிக்டேட்டர், டிக்டேஷன் என்ற இரண்டும் ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை. லத்தீனில் ‘டிகெரே’ என்றால் சொல்லுதல். அதன் வலுப்பெற்ற வடிவமான ‘டிக்தாரே’ என்பதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், பிறர் எழுதச் சொல்லுதல், விதித்தல் என்றெல்லாம் பொருள் விரிந்தது. அப்படிச் சொல்பவரே ‘டிக்தாதோர்’. ஒருவர் சொல்ல மற்றவர்கள் அதை அப்படியே நிறைவேற்றும் நிலையை இச்சொல் வெறும் வகுப்பறைக் காட்சி போலக் காட்டுகிறது. கொடுமை, அநீதி, வன்முறை என்ற பொருள்கள் எவையும் அதன் வேரில் இல்லை.

## ரோமின் நெருக்கடிப் பதவி

மரபு வரலாற்றின்படி கி.மு. 509இல் ரோம் தன் மன்னர்களைத் துரத்தியது. இனி எவரும் தனியாக ஆளக் கூடாது என்பதில் ரோமானியர் மிகக் கவனமாக இருந்தனர். நாட்டின் தலைமையை இரண்டு பேரிடம் ஒப்படைத்தனர். இந்த இரட்டைத் தலைவர்களுக்குக் கான்சல் என்று பெயர். பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. ஒருவர் எடுக்கும் நடவடிக்கையை மற்றவர் தடுக்கலாம். அமைதிக் காலத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் எதிரிப் படை நகர வாயிலை நெருங்கும்போது இரண்டு தலைவர்கள் இரண்டு விதமாக ஆணையிட்டால் நகரம் அழியும். அந்த இடைவெளியை நிரப்பவே டிக்டேட்டர் என்ற பதவி ஏற்பட்டது.

டிக்டேட்டர் தன்னைத் தானே அமர்த்திக்கொள்ள முடியாது. மூத்தோர் அவையான செனட் அறிவுறுத்த, கான்சல்களில் ஒருவர் இரவின் அமைதியில் எழுந்து முறைப்படி அவர் பெயரைச் சொல்லி நியமிப்பார். பதவிக்காலத்தின் மேல்வரம்பு ஆறு மாதம். ஒப்படைத்த வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டால், முடிந்த அன்றே விலகிவிடுவதுதான் பெருமையாகக் கருதப்பட்டது. அவருக்குக் கீழே ‘குதிரைப்படைத் தலைவர்’ என்ற துணைப் பதவியும் உண்டு. டிக்டேட்டரோ, மக்களின் சிறப்பு அனுமதி பெறாமல் குதிரையில் ஏறவே கூடாது என்ற பழைய வழக்கம் இருந்தது. உயிரையும் எடுக்கவல்ல அதிகாரம் பெற்ற ஒருவர் குதிரை ஏற அனுமதி கேட்டு நிற்கும் காட்சியில், அந்த அமைப்பைக் கட்டியவர்களின் மனம் தெரிகிறது.

அவருடைய அதிகாரம் கண்ணுக்குத் தெரியும் வடிவிலும் இருந்தது. கான்சலுக்கு முன்னால் 12 ஏவலர்கள், கோல்களை ஒன்றாகக் கட்டி நடுவே கோடரி செருகிய கட்டுகளைச் சுமந்து நடப்பார்கள். டிக்டேட்டருக்கு முன்னால் 24 பேர் நடந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். அந்தக் கோல்கட்டுக்கு ‘ஃபாஸ்கெஸ்’ என்று பெயர். 20ஆம் நூற்றாண்டின் ‘ஃபாசிசம்’ என்ற சொல் அதே வேரிலிருந்து வந்தது.

எல்லா டிக்டேட்டர்களும் போருக்காகவே அமர்த்தப்பட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தேர்தல் நடத்துவதற்காக மட்டுமே சிலர் அமர்த்தப்பட்டார்கள். ஒரே ஓர் ஆணி அடிப்பதற்காகக்கூட டிக்டேட்டர் அமர்த்தப்பட்டதுண்டு. கி.மு. 363இல் கொள்ளைநோய் ஓயாதிருந்தபோது, யூப்பிட்டர் கோயில் சுவரில் சடங்கு முறைப்படி ஆணி அறைவதற்காக லூசியஸ் மான்லியஸ் என்பவர் நியமிக்கப்பட்டார். அவர் ஆணியை அறைந்த பின்னும் பதவியை விடாமல், போருக்கு ஆள் திரட்டத் தொடங்கினார். மக்கள் பிரதிநிதிகள் அனைவரும் எதிர்த்து நிற்க, அவர் விலக வேண்டியதாயிற்று. அதிகாரம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வியை ரோமானியர் எவ்வளவு கறாராகக் கேட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இலட்சிய டிக்டேட்டராக ரோமானியர் போற்றியவர் சின்சினாட்டஸ். கி.மு. 458இல் ஈக்வி என்ற இனத்தார் ஒரு கான்சலின் படையைச் சுற்றி வளைத்துக்கொண்டனர். செனட்டின் தூதர்கள் டைபர் ஆற்றைக் கடந்து சென்றபோது, சின்சினாட்டஸ் ஏறத்தாழ 2.5 ஏக்கர் பரப்புள்ள தன் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். செனட்டின் ஆணையை மேலாடையின்றிக் கேட்கலாகாது என்பதால், மனைவி ராசிலியாவைக் குடிசையிலிருந்து தோகா என்ற மேலாடையை எடுத்துவரச் சொல்லி, உடம்பின் புழுதியையும் வியர்வையையும் துடைத்துவிட்டு அதை அணிந்துகொண்டார். போரை வென்றார், ஆறு மாதத்துக்குக் கிடைத்த பதவியை 16ஆம் நாளே துறந்தார். இதைப் பதிவுசெய்த வரலாற்றாசிரியர் லிவி ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு கழித்து எழுதியவர் என்பதால் இதில் கதையும் கலந்திருக்கும். என்றாலும், ரோமானியர் தம் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது என்பதே அந்தப் பதவியிடம் அவர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பதைக் காட்டப் போதுமானது.

இதுவரை கண்டதைச் சுருக்கிச் சொன்னால், தொடக்கக் கால டிக்டேட்டர் என்பவர் சட்டப்படி, குறிப்பிட்ட ஒரு வேலைக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, வேறொருவரால் அமர்த்தப்பட்ட நெருக்கடிக் கால அலுவலர். நம் மூன்று கேள்விகளுக்கும் அவரிடம் விடை உண்டு.

## குழப்பிக்கொள்ளப்படும் உறவுச் சொற்கள்

ஆங்கிலத்தில் ‘டைரண்ட்’ என்று வழங்கும் சொல் கிரேக்கத்தின் ‘திரன்னோஸ்’. அது கிரேக்கர்களுக்கே கிழக்கிலிருந்து வந்த இரவல் சொல் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். பரம்பரை உரிமையோ சட்ட உரிமையோ இன்றி ஆட்சியைப் பிடித்தவர் என்பதே அதன் முதற்பொருள். அவர் நல்லவரா கெட்டவரா என்பதை அது சொல்லவில்லை. கி.மு. 546 முதல் 527 வரை ஏதென்ஸைத் தொடர்ந்து ஆண்ட பெய்சிஸ்ட்ராட்டஸ் ஒரு திரன்னோஸ்தான். ஏழை உழவர்களுக்குக் கடன் கொடுத்து உதவியவர் என்றும் அவர் நினைவுகூரப்படுகிறார். அவருக்குப் பின் மகன் ஹிப்பியாஸ், தன் தம்பி கொலையுண்ட பிறகு கடுமையாக ஆண்டு, கி.மு. 510இல் விரட்டப்பட்டார். இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகே சொல்லில் கசப்பு ஏறியது. பின்னாளில் அரிஸ்டாட்டில், பொது நன்மைக்காக ஆளும் தனியாள் மன்னன் என்றும், தன் நன்மைக்காக ஆளும் தனியாள் திரன்னோஸ் என்றும் வகுத்தார். கொடுங்கோலன் என்று நாம் மொழிபெயர்ப்பது இந்தப் பொருளைத்தான்.

‘டெஸ்பாட்’ என்பது இன்னொரு கிரேக்கச் சொல். வீட்டின் தலைவன், அடிமைகளின் எசமான் என்பது பொருள். ஒரு நாட்டையே தன் வீடாகவும் மக்களைத் தன் உடைமையாகவும் நடத்துபவரைக் குறிக்க அது பிற்காலத்தில் பயன்பட்டது. இச்சொல்லுக்கு நாம் எதிர்பாராத ஓர் உறவு உண்டு. ‘வீடு’ என்ற பொருளுடைய பழஞ்சொல்லும் ‘தலைவன்’ என்ற பொருளுடைய பழஞ்சொல்லும் சேர்ந்து கிரேக்கத்தில் டெஸ்பாட் ஆயின. அதே இரண்டும் சேர்ந்து சமஸ்கிருதத்தில் தம்பதி ஆயின. அங்கே அது வீட்டுத் தலைவனைக் குறித்து, இருமை வடிவில் வீட்டுக்குரிய கணவன் மனைவி இருவரையும் குறித்தது. அந்தப் பொருளிலேயே தமிழுக்கு வந்தது. திருமண அழைப்பிதழில் நாம் அச்சிடும் சொல்லும், எதேச்சையாக ஆளும் எசமானைக் குறிக்கும் சொல்லும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டவை.

மன்னனைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. அவன் உரிமை பிறப்பிலிருந்து வருகிறது. அவனைக் கட்டுப்படுத்த மரபு, சமயம், குறுநிலத் தலைவர்கள் எனப் பல தளைகள் இருந்தன. அத்தளைகள் அனைத்தும் தளர்ந்துபோன மன்னராட்சியே வரம்பற்ற முடியாட்சி.

## வரம்பு உடைந்த கதை

கி.மு. 202க்குப் பிறகு ஏறத்தாழ 120 ஆண்டுகள் ரோமில் டிக்டேட்டர் எவரும் அமர்த்தப்படவில்லை. பதவி செத்துவிட்டது என்றே தோன்றிய நேரத்தில், கி.மு. 82இல் உள்நாட்டுப் போரில் வென்ற சுல்லா என்ற தளபதி அதற்கு உயிர்கொடுத்தார். பெயர் பழையது, உள்ளடக்கம் புதியது. அவருக்குக் காலவரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. சட்டங்களை எழுதுவதும் நாட்டைச் சீரமைப்பதும் அவர் வேலை என்று சொல்லப்பட்டது. ஆணி அடிக்கும் வேலை எப்போது முடிந்தது என்று யாரும் சொல்லிவிடலாம். நாட்டைச் சீரமைக்கும் வேலை எப்போது முடியும் என்று யார் சொல்வது? எதிரிகளின் பெயர்ப் பட்டியல் பொது இடத்தில் ஒட்டப்பட்டது. பட்டியலில் உள்ளவரை எவரும் கொல்லலாம், கொன்றவருக்குப் பரிசு உண்டு, இறந்தவரின் சொத்து பறிமுதலாகும். இவ்வளவும் செய்த சுல்லா, வியப்புக்குரிய விதத்தில், தாமே பதவியை விட்டு விலகி கி.மு. 78இல் மாண்டார்.

அடுத்து வந்தவர் ஜூலியஸ் சீசர். கி.மு. 49இல் அவர் முதன்முறை டிக்டேட்டரானபோது, தேர்தலை நடத்தி முடித்துப் 11 நாளில் விலகினார். இதைப் பழைய மரபுப்படி நடந்தது என்றே சொல்லலாம். பிறகு ஓராண்டுக்கு டிக்டேட்டர் ஆனார், கி.மு. 46இல் பத்தாண்டுக்கு, கி.மு. 44இன் தொடக்கத்தில் வாழ்நாள் முழுமைக்கும். அந்த ஆண்டு வெளியான நாணயங்களில் சீசரின் தலையைச் சுற்றி ‘நிரந்தர டிக்டேட்டர்’ என்ற பொருள்படும் லத்தீன் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. சின்சினாட்டஸ் காலத்து ரோமானியருக்கு அது ‘நிரந்தரமான தற்காலிகம்’ என்பது போல ஒலித்திருக்கும். பதவியைத் துறந்த சுல்லாவுக்கு எழுத்தறிவே இல்லை என்று சீசர் சொன்னதாக ஸ்வெடோனியஸ் என்ற வரலாற்றாசிரியர் பதிவுசெய்கிறார். சொல்வதெழுதுதலையும் டிக்டேட்டர் பதவியையும் ஒரே வேர் இணைப்பதால் லத்தீனில் அதற்கு இரட்டைப் பொருள். அந்தச் சொல் விளையாட்டுக்குள் இருக்கும் எண்ணம் அச்சமூட்டுவது: கையில் கிடைத்த அதிகாரத்தைத் திருப்பிக் கொடுப்பவன் அறியாதவன்.

கி.மு. 44 மார்ச் 15 அன்று சீசர் செனட் கூட்டத்தில் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்து, சீசரின் தளபதியாக இருந்த மார்க் ஆன்டனி கொண்டுவந்த சட்டம் டிக்டேட்டர் பதவியையே ஒழித்தது. கி.மு. 22இல் பஞ்சத்தால் தவித்த மக்கள் அந்தப் பதவியை ஏற்குமாறு ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸை வற்புறுத்தியபோது, அவர் மண்டியிட்டு, தோளிலிருந்து ஆடையை விலக்கி, வேண்டாம் என்று மன்றாடினாராம். அதிகாரம் முழுவதும் ஏற்கெனவே அவரிடம்தான் இருந்தது. அவர் தள்ளிவிட்டது பெயரை மட்டும்.

ஆகவே சொல்லின் பொருள் மாறிய இடம் இதுதான்: பதவியின் அதிகாரம் தொடக்கத்திலிருந்தே பெரியது, சுல்லாவும் சீசரும் அதைச் சூழ்ந்திருந்த கால எல்லையையும் வேலை எல்லையையும் அகற்றினார்கள்.

## தமிழில் சர்வாதிகாரி

சர்வ, அதிகாரி என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது சர்வாதிகாரி. எல்லாவற்றின் மீதும் அதிகாரம் உடையவர் என்பது பொருள். இந்தியாவின் சில அரசுகளில் இது உயர் அலுவலர் ஒருவரின் பதவிப் பெயராகவே இருந்தது. வங்காளத்தில் ‘சர்பாதிகாரி’ என்ற குடும்பப் பெயராக இன்றும் நிலைத்திருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் சட்டமறுப்பு இயக்கம் நடந்தபோது, தலைவர் கைதானால் அடுத்தவர் பொறுப்பேற்கும் வகையில் காங்கிரஸ் இயக்கத்தினர் ‘டிக்டேட்டர்களை’ வரிசையாக அமர்த்தினார்கள். 1938இல் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களும் சர்வாதிகாரி என்றே அழைக்கப்பட்டார்கள். பழைய ஆவணங்களில் ‘முதல் சர்வாதிகாரி’ என்று படிக்கும் இளைஞர்கள் திடுக்கிடுவதை நான் கண்டிருக்கிறேன். திடுக்கிட வேண்டியதில்லை, நெருக்கடிக் காலத்தில் ஒரு வேலைக்காக முழுப் பொறுப்பு ஏற்றவர் என்ற ரோமானியப் பொருளில், மதிப்போடுதான் அச்சொல் அன்று ஆளப்பட்டது.

எதேச்சாதிகாரி என்பதில் ‘எதேச்சை’ என்பது விருப்பப்படி என்று பொருள்படும். தன் விருப்பமே சட்டம் என்று ஆள்பவர். கொடுங்கோலன் என்பதோ தமிழின் சொந்தச் சொல். ‘கொடு’ என்பதற்கு வளைவு என்பது பழைய பொருள். வில்லைக் கொடுமரம் என்று சொல்வது அதனால்தான். நேராக நிற்கும் கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் 55ஆம், 56ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. ஆள்பவர் எத்தனை பேர், எவ்வளவு காலம் என்பதை இச்சொல் கேட்கவில்லை. கோல் வளைந்ததா என்று மட்டும் கேட்கிறது. எனவே சட்டப்படி வந்த மன்னனும் கொடுங்கோலனாகலாம். மக்களிடம் கனிவாக நடக்கும் ஒருவரும் சர்வாதிகாரியாக இருக்கலாம். ஒன்று நடத்தையைச் சுட்டுகிறது, மற்றொன்று அதிகாரத்தின் அமைப்பைச் சுட்டுகிறது.

## பெயர் இல்லாமல் திரும்பி வந்த பதவி

19ஆம் நூற்றாண்டிலும் இந்தப் பட்டத்தை வெளிப்படையாகச் சூடியவர்கள் இருந்தார்கள். பராகுவேயில் ஃபிரான்சியா 1814இல் டிக்டேட்டராகி, 1816இல் நிரந்தர டிக்டேட்டராகி, 1840இல் இறக்கும்வரை ஆண்டார். இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய தளபதி கரிபால்டி 1860 மே மாதம் சிசிலியின் டிக்டேட்டராகத் தம்மை அறிவித்துக்கொண்டார். வென்ற பகுதிகளை மன்னரிடம் ஒப்படைத்துவிட்டு, ஆறு மாதத்துக்குள், நவம்பரில் காப்ரேரா தீவில் இருந்த தம் பண்ணைக்குத் திரும்பினார். சீசரின் வழியும் சின்சினாட்டஸின் வழியும் ஒரே நூற்றாண்டில், ஒரே பட்டத்தின் கீழ் நடந்தன.

20ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. முசோலினி ‘தலைவர்’ என்று பொருள்படும் டூச்சே என்ற பெயரைச் சூடினார். ஹிட்லர் அதே பொருளுடைய ஃபியூரர் என்பதை எடுத்துக்கொண்டார். ஸ்டாலினின் கட்சிப் பதவி பொதுச் செயலாளர். மூவரும் டிக்டேட்டர் என்ற பதவிப் பெயரைச் சூடவில்லை. உலகம் மூவரையும் அப்படியே அழைத்தது. அன்றுமுதல் அச்சொல் பதவிப் பெயர் என்ற நிலையிலிருந்து குற்றச்சாட்டாக மாறியது. ஒருவர் சர்வாதிகாரியா என்பதை அவருடைய பட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமல் போனதும் அன்றுமுதல்தான். நாம் தொடக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளே எஞ்சின.

ஜெர்மனியில் அந்தக் கேள்விகளுக்குத் தாளில் விடை இருந்தது. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலே சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அரசுக்கு வழங்கிய சட்டம் 1933 மார்ச்சில் நிறைவேறியது. கொடுத்தது நாடாளுமன்றம். மக்களும் நாடும் படும் துயரைப் போக்குவது அதன் நோக்கம் என்று தலைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. காலம் நான்கு ஆண்டு. 1937இல் அந்தக் காலம் முடியவிருந்தபோது, ஒரே கட்சியின் உறுப்பினர்கள் நிரம்பியிருந்த அதே நாடாளுமன்றம் அதை நீட்டித்தது. 1939இல் மீண்டும் நீட்டித்தது. 1943 மே மாதம் மறுபடி காலம் முடிந்தபோது நாடாளுமன்றம் கூட்டப்படவே இல்லை. ஹிட்லர் தம் கையொப்பமிட்ட ஆணையால் தாமே நீட்டித்துக்கொண்டார்.